பார்த்தது, படித்தது, நினைத்தது: உயிரியல் மாணவர்களுக்கு அறிவியல் எழுத்து சொல்லித்தர ஒரு முழுமையான வழிகாட்டி

மார்ச் மாதம் பிறந்துவிட்டால் வேலூரில் கல்லூரி வாசலை ஒட்டிய ஜெராக்ஸ் கடைகளில் கூட்டம் தாங்காது. மூன்றாம் ஆண்டு விலங்கியல், தாவரவியல், மைக்ரோபயாலஜி பிள்ளைகள் ப்ராஜெக்ட் அறிக்கையைப் பென் டிரைவில் ஏற்றிக்கொண்டு வரிசையில் நிற்பார்கள். கருநீல அட்டை, பொன்னெழுத்துத் தலைப்பு, மூன்று பிரதி பைண்டிங். பார்க்க அழகாக இருக்கும். பிரித்துப் பார்த்தால் முன்னுரை போன வருஷத்து சீனியருடையது, செய்முறை லேப் மேனுவலில் இருந்து வந்தது, விவாதம் இணையத்தில் இருந்து வந்தது. நடுவில் இரண்டே இரண்டு அட்டவணைகள் மட்டும் அந்தப் பிள்ளை தன் கையால் செய்த வேலையாக இருக்கும்.

இதற்குக் காரணம் கேட்டால் ஆசிரியர்கள் பெரும்பாலும் "இங்கிலீஷ் வராது சார், என்ன பண்றது" என்பார்கள். நானும் பல வருஷம் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். குடியாத்தம், அணைக்கட்டு, பேரணாம்பட்டு பக்கமிருந்து பஸ் ஏறி வருகிற பிள்ளைகள். வீட்டில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் அவர்கள்தான். ஆங்கிலம் கடினம்தான், மறுக்கவில்லை. ஆனால் அதே பிள்ளைகளைத் தமிழில் எழுதச் சொல்லிப் பார்த்தேன். அதே குழப்பம் தமிழிலும் இருந்தது. தான் கண்ணால் பார்த்தது எது, எங்கோ படித்தது எது, தானாக நினைத்துக்கொண்டது எது என்ற மூன்றும் ஒரே வாக்கியத்துக்குள் கலந்து கிடந்தன. அதைப் பிரித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. இந்த வழிகாட்டி முழுக்க அந்த ஒரு வேலைக்காகத்தான். ஒரு செமஸ்டருக்குள், வாரம் இரண்டு மணி நேரத்தில் செய்து முடிக்கிற மாதிரி எழுதியிருக்கிறேன். பெரிய கருவி எதுவும் தேவையில்லை.

முதல் இரண்டு வாரம்: ஒரு மரம், ஒரு நோட்டு

முதல் நாளே அறிவியல் கட்டுரையின் பகுதிகள் இன்னின்ன என்று போர்டில் எழுதாதீர்கள். பிள்ளைகளை வெளியே அழைத்துப் போங்கள். வளாகத்து வேப்பமரம் போதும். முடிந்தால் ஒரு காலையில் கோட்டை அகழிப் பக்கம் போகலாம். ஆளுக்கு ஒரு பொருள்: எறும்பு வரிசை, ஒரு கொக்கு, எருக்கஞ்செடியில் உட்காருகிற வண்டு. இருபது நிமிஷம் அசையாமல் பார்க்க வேண்டும். பார்த்ததை எழுத வேண்டும், தமிழிலேயே.

எறும்பைப் பார்த்தவர்கள் பெரும்பாலும் "எறும்புகள் உணவு தேடிப் போய்க்கொண்டிருந்தன" என்று எழுதுவார்கள். அங்கே நிறுத்திக் கேளுங்கள்: "தேடியதை நீ பார்த்தாயா?" பிள்ளை யோசிக்கும். போனதைத்தான் பார்த்தது. தேடியது என்பது அது நினைத்துக்கொண்டது. சரி, திரும்பப் போய்ப் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டாம் முறை எழுதுவது இப்படி வரும்: "ஒரு நிமிஷத்தில் பதினோரு எறும்புகள் மரத்தின் அடியிலிருந்து மேலே போயின. நான்கு கீழே இறங்கின. இறங்கியவற்றில் மூன்றின் வாயில் வெள்ளையாக ஏதோ இருந்தது." இந்த இரண்டு பத்தியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வகுப்பில் உரக்க வாசிக்கச் சொல்லுங்கள். எது அறிவியல் எழுத்து என்று நீங்கள் சொல்லவே தேவையிருக்காது.

இந்தப் பயிற்சியை அவசரப்படுத்தாமல் நான்கு முறையாவது செய்யுங்கள். எண் வராத இடத்தில் "நிறைய", "கொஞ்சம்", "வேகமாக" என்று வரும். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் "எவ்வளவு?" என்று மட்டும் எழுதித் திருப்பிக் கொடுங்கள். வேறு திருத்தம் வேண்டாம்.

மூன்றாம் வாரம்: போச்சு, போச்சாம், போயிருக்கும்

காட்பாடி பஸ்ஸைப் பற்றி ஒரு பிள்ளை இன்னொரு பிள்ளையிடம் மூன்று விதமாகச் சொல்லலாம். "பஸ் போயிடுச்சு" என்றால் அவளே பார்த்திருக்கிறாள். "பஸ் போயிடுச்சாம்" என்றால் யாரோ சொல்லிக் கேட்டிருக்கிறாள். "பஸ் போயிருக்கும்" என்றால் மணியைப் பார்த்து ஊகிக்கிறாள். கேட்கிற பிள்ளைக்கு மூன்றும் ஒன்றில்லை. முதலாவதைக் கேட்டால் அடுத்த பஸ்ஸுக்குக் காத்திருப்பாள். இரண்டாவதைக் கேட்டால் "யார் சொன்னது?" என்பாள். மூன்றாவதைக் கேட்டால் ஓடிப்போய்ப் பார்ப்பாள்.

ஓர் ஆய்வுக் கட்டுரையின் இலக்கணம் முழுவதும் இதில் இருக்கிறது. "போச்சு" முடிவுகள் பகுதி. "போச்சாம்" முன்னுரை, அந்த "ஆம்" இருக்கிற இடத்தில்தான் மேற்கோளும் வருஷமும் வர வேண்டும், ஏனென்றால் வாசகர் "யார் சொன்னது?" என்று கேட்பார். "போயிருக்கும்", "போயிருக்கலாம்" விவாதம். சான்றின் வலுவைப் பொறுத்து "இருக்கும்" என்பதா "இருக்கலாம்" என்பதா என்று தேர்ந்தெடுக்க வேண்டும். நம் பிள்ளைகள் இதைப் பள்ளிக்கூடம் போவதற்கு முன்பே அம்மாவிடம் கற்றுக்கொண்டு வந்திருக்கிறார்கள். காகிதத்தில் எழுதும்போது மட்டும் அது காணாமல் போகிறது. அதை மீட்டுக்கொடுப்பதுதான் நம் வேலை என்று நான் நம்புகிறேன்.

செய்ய வேண்டியது: ஏதாவது ஒரு பழைய ப்ராஜெக்ட்டின் இரண்டு பக்கத்தை, பெயரை மறைத்து, நகலெடுத்துக் கொடுங்கள். மூன்று கலர் பென்சில். எழுதியவர் பார்த்ததற்குப் பச்சை, படித்ததற்கு நீலம், நினைத்ததற்குச் சிவப்பு. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் அடிக்கோடு போட வேண்டும். எந்த நிறம் போடுவது என்று இரண்டு பேர் சண்டை போடுகிற வாக்கியம்தான் திருத்த வேண்டிய வாக்கியம். அந்தச் சண்டையைத் தடுக்காதீர்கள்.

நான்காம், ஐந்தாம் வாரம்: செய்முறை

கட்டுரையை முன்னுரையில் தொடங்கி வரிசையாக எழுதச் சொல்வது நாம் செய்கிற பெரிய தவறு. முதலில் செய்முறை, அப்புறம் முடிவுகள், அப்புறம் விவாதம், அப்புறம் முன்னுரை, கடைசியில் சுருக்கமும் தலைப்பும். கையில் இருப்பதில் தொடங்கினால் காப்பியடிக்க வேண்டிய அவசியமே வராது.

எல்லோருக்கும் ஒரே சோதனையை வைத்துக்கொள்ளுங்கள். நான் பச்சைப்பயறு முளைப்பை வைத்துக்கொள்கிறேன். செலவு குறைவு, மூன்று நாளில் முடிந்துவிடும். ஒரு பெட்ரி தட்டுக்கு இருபது விதை. மூன்று தட்டில் குழாய் நீர், மூன்று தட்டில் பாலாற்றங்கரைக் கிணறு ஒன்றின் நீர். தோல் தொழில் நடக்கிற இந்தப் பகுதியில் கிணற்று நீர் பற்றிய கேள்வி பிள்ளைகளுக்குப் புத்தகக் கேள்வி இல்லை, வீட்டுக் கேள்வி.

செய்ததை எழுதச் சொன்னால் முதல் வரைவு இப்படி வரும்: "பெட்ரி தட்டை எடுத்துக்கொள்ளவும். தேவையான அளவு நீர் ஊற்றவும். அறை வெப்பநிலையில் வைக்கவும்." இது மேனுவலின் குரல். மேனுவல் இனிமேல் செய்யப்போகிறவருக்குச் சொல்கிறது. கட்டுரை செய்து முடித்ததைச் சொல்கிறது. "எடுத்தோம், ஊற்றினோம், வைத்தோம்" என்று மாற்றச் சொல்லுங்கள். மாற்றியவுடனே "எவ்வளவு ஊற்றினோம்?" என்ற கேள்வி பிள்ளைக்கே வந்துவிடும்.

அறை வெப்பநிலை என்ற சொல்லை மட்டும் நான் கண்ட இடத்தில் அடித்துவிடுவேன். ஐரோப்பியப் புத்தகத்தில் அது 20 அல்லது 25 டிகிரியைக் குறிக்கும். வேலூரில் மே மாதம் வெளியே 40 டிகிரியைத் தாண்டுகிறது. ஏசி இல்லாத லேபில் டிசம்பரும் ஏப்ரலும் ஒன்றா? தெர்மாமீட்டரைப் பார்த்து எண்ணை எழுத வேண்டும், காலை, மதியம், மாலை மூன்று வேளையும்.

வரைவு எழுதி முடித்ததும் மாற்றிக் கொடுங்கள். ஒரு குழுவின் செய்முறையை இன்னொரு குழு கையில் வைத்துக்கொண்டு, எழுதியிருப்பதை மட்டும் செய்ய வேண்டும். எழுதியவர்கள் பக்கத்தில் நிற்கலாம், வாய் திறக்கக் கூடாது. அம்மா ரசம் வைக்கச் சொல்லிக்கொடுக்கும்போது "கொஞ்சம் உப்பு, கண் அளவு புளி" என்பார். பக்கத்தில் நின்று பார்ப்பதால் நமக்குப் புரிந்துவிடும். பக்கத்தில் நிற்க முடியாதவருக்கு எழுதுவதுதான் செய்முறைப் பகுதி. இந்தப் பயிற்சியில் என் வகுப்பில் தவறாமல் வந்து மாட்டுகிற கேள்வி ஒன்று உண்டு: முளைத்தது என்று எதைச் சொல்வது? தோல் வெடித்தாலே முளைத்ததா, வேர் வெளியே தெரிய வேண்டுமா? "2 மில்லிமீட்டராவது முளைவேர் நீண்டிருந்தால் முளைத்ததாகக் கொண்டோம்" என்ற வாக்கியம் இல்லாததால் இரண்டு குழுக்கள் ஒரே தட்டை வெவ்வேறாக எண்ணிவிடும். அந்த ஒரு வாக்கியத்தின் மதிப்பு அப்போது தெரியும்.

ஆய்வுப் பகுதி பற்றிய குறிப்பும் இங்கேதான் வரும். பழைய வட ஆற்காடு மாவட்டம் 1989-இல் பிரிந்தது. 2019-இல் வேலூர் மாவட்டமும் மூன்றாகி, இராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனி மாவட்டங்கள் ஆயின. ஆம்பூரும் வாணியம்பாடியும் இப்போது திருப்பத்தூர் மாவட்டத்தில் இருக்கின்றன. சீனியரின் பக்கத்தைப் பார்த்து எழுதிய பிள்ளை இன்னமும் "வேலூர் மாவட்டம், வாணியம்பாடி" என்று எழுதும். கிணற்றின் பக்கத்தில் நின்று போனிலேயே அட்சரேகை, தீர்க்கரேகையை எடுத்து எழுதச் சொல்லுங்கள். கூடவே நீர் எடுத்த தேதி, நேரம், எத்தனை நாள் கழித்துப் பயன்படுத்தினோம் என்பதும்.

உயிரியல் பெயர்களிலும் இதே கதைதான். பச்சைப்பயற்றின் இன்றைய பெயர் விக்னா ரேடியேட்டா. பழைய ரெக்கார்டுகளில் ஃபேசியோலஸ் ஆரியஸ் என்று இருக்கும். ஆவாரை இப்போது சென்னா ஆரிகுலேட்டா. முன்பு கேசியா ஆரிகுலேட்டா. பழைய பெயர் ப்ராஜெக்ட்டில் வந்திருந்தால் எங்கிருந்து எடுத்தாய் என்று அன்பாகக் கேளுங்கள். பேரினப் பெயர் பெரிய எழுத்தில், சிற்றினப் பெயர் சிறிய எழுத்தில் தொடங்கும். அச்சில் சாய்வெழுத்து, கையெழுத்தில் இரண்டு சொல்லுக்கும் தனித்தனி அடிக்கோடு. இதை ஒரு தடவை சொன்னால் போதும்.

ஆறிலிருந்து எட்டாம் வாரம் வரை: முடிவுகள்

இங்கே நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். ஓர் உதாரணம் வைத்துக்கொள்வோம். குழாய் நீர்த் தட்டுகள் மூன்றில் 19, 18, 19 விதைகள் முளைத்தன. கிணற்று நீர்த் தட்டுகள் மூன்றில் 14, 16, 13. பிள்ளைகள் உடனே கூட்டிவிடுவார்கள்: அறுபதுக்கு 56, அறுபதுக்கு 43. அதாவது 93.3 சதவீதம், 71.7 சதவீதம். கணக்கு சரி. அடுத்த வாக்கியம் இப்படி வரும்: "அறுபது விதைகளில் செய்த இந்த ஆய்வில் பாலாற்றுப் பகுதி நிலத்தடி நீர் முளைப்பைப் பாதிக்கிறது என்று நிரூபிக்கப்பட்டது."

இந்த ஒரு வாக்கியத்தை வைத்து இரண்டு வகுப்பு நடத்தலாம். முதலில், அறுபது என்பது உண்மையில் அறுபதா? ஒரே தட்டில் இருக்கும் இருபது விதைகளும் ஒரே நீரை, ஒரே ஈரத்தை, ஒரே சூட்டைப் பகிர்ந்துகொள்கின்றன. அந்தத் தட்டில் பூஞ்சை வந்தால் இருபதும் சேர்ந்து பாதிக்கப்படும். ஆகவே தனித்தனி அளவீடுகள் என்று எண்ணத்தக்கவை தட்டுகள்தான். மாதிரி எண்ணிக்கை மூன்று. விதைகளை எண்ணி அறுபது என்று காட்டுவது போன்ற பிழையை 1984-இல் ஸ்டூவர்ட் ஹர்ல்பர்ட் என்ற சூழலியலாளர் எடுத்துக்காட்டி, போலி மறுசெய்கை என்ற பொருளில் பெயரும் வைத்தார். களச் சோதனைகள் பலவற்றில் அந்தப் பிழை இருப்பதை அவர் கட்டுரை காட்டியது. நம் பிள்ளைகள் செய்வதில் வியப்பில்லை.

மூன்று தட்டை வைத்தே கணக்குப் போடலாம். குழாய் நீரில் சராசரி 18.7, திட்ட விலக்கம் (எண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறி நிற்கின்றன என்ற அளவு) 0.58. கிணற்று நீரில் சராசரி 14.3, திட்ட விலக்கம் 1.53. இரண்டு சராசரிகளின் வேறுபாடு தற்செயலாக வரக்கூடியதா என்று பார்க்கிற டி சோதனை செய்தால் மதிப்பு 4.6 வருகிறது, 4 டிகிரி ஆஃப் ஃப்ரீடத்தில் (ஆறு தட்டு, அதில் இரண்டு சராசரிக்கு இரண்டைக் கழித்தது) 5 சதவீத மட்டத்துக்குத் தேவைப்படுவது 2.78. வேறுபாடு இருக்கிறது என்று சொல்லலாம். கால்குலேட்டரில், போர்டில், கையால் ஒருமுறை இதைப் போட வையுங்கள். மென்பொருளில் பொத்தானை அழுத்தி வந்த எண்ணை விட இது மனதில் நிற்கும். "சிக்னிஃபிகன்ட்" என்ற சொல்லை இப்படிச் சோதனை செய்த பிறகுதான் பயன்படுத்தலாம் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுங்கள். பெரிய வித்தியாசம் என்று சொல்ல வேறு சொற்கள் இருக்கின்றன.

இப்போது இரண்டாவது கேள்வி, இதுதான் கடினமானது. எதைப் பற்றிய வேறுபாடு? மூன்று தட்டிலும் இருந்தது ஒரே கிணற்று நீர், ஒரே நாளில் ஒரே கேனில் எடுத்தது. மூன்றை முப்பதாக்கினாலும் அது அந்தக் கிணற்றின் அன்றைய நீரைப் பற்றித்தான் பேசும். "பாலாற்றுப் பகுதி நிலத்தடி நீர்" என்று சொல்ல வேண்டுமானால் பல கிணறுகள் வேண்டும். அப்போது மாதிரி எண்ணிக்கை என்பது கிணறுகளின் எண்ணிக்கை. பிள்ளைகளுக்கு இது முதலில் ஏமாற்றமாக இருக்கும். மூன்று நாள் பாடுபட்டு ஒரு கிணற்றைப் பற்றித்தான் பேச முடியுமா என்று ஒரு மாணவி என்னிடம் கண் கலங்கக் கேட்டாள். அடுத்த வாரம் அவளே ஐந்து கிராமத்துத் தோழிகளிடம் ஐந்து பாட்டில் நீர் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தாள். ஒரு வாக்கியத்தைச் சரியாக எழுத முயன்றதால் சோதனையே மாறியது. எழுத்தும் ஆய்வும் வேறு வேறு வேலை என்று நினைக்கிற ஆசிரியர்களிடம் நான் இதைத்தான் சொல்வது.

அட்டவணை, படம் பற்றிச் சுருக்கமாக. அட்டவணையில் இருப்பதை அப்படியே வாக்கியமாகத் திருப்பி எழுத வேண்டாம். அதில் எதைக் கவனிக்க வேண்டும் என்று மட்டும் எழுத வேண்டும். பட்டை வரைபடத்தின் அச்சு பூஜ்யத்தில் தொடங்க வேண்டும். 60-இல் தொடங்கினால் சின்ன வேறுபாடு மலையாகத் தெரியும். படத்தின் கீழ் உள்ள குறிப்பைப் படித்தாலே உள்ளே போகாமல் படம் புரிய வேண்டும்: என்ன உயிரி, என்ன நீர், எத்தனை தட்டு, பட்டை மேல் நிற்கும் கோடு திட்ட விலக்கமா திட்டப் பிழையா.

அப்சர்வேஷன் நோட்டில் பேனாவால்தான் எழுத வேண்டும், அழிக்கக் கூடாது, தவறான எண்ணை ஒரு கோடு போட்டு அடித்துப் பக்கத்தில் சரியானதை எழுத வேண்டும் என்பதைச் சட்டமாக்குங்கள். பூஞ்சை பிடித்த தட்டையும் எழுத வேண்டும். அதை விட்டுவிட்டுக் கணக்குப் போட்டிருந்தால் விட்டதையும் காரணத்தையும் சொல்ல வேண்டும்.

ஒன்பது, பத்தாம் வாரம்: விவாதம்

நம் ஊர்ப் பிள்ளை விவாதம் எழுதினால் முதல் வாக்கியம் என்னவாக இருக்கும் என்று நான் பார்க்காமலே சொல்வேன்: "தோல் தொழிற்சாலைகளின் குரோமியத்தால் முளைப்பு குறைந்தது." கோபம் நியாயமானது. அந்தக் கிணற்றின் நீரைக் குடிக்க முடியாமல் கேன் வாங்குகிற வீட்டிலிருந்து வந்திருக்கும் பிள்ளை அது. ஆனால் தோல் பதனிடப் பயன்படுகிற உலோகமான அந்தக் குரோமியத்தை அது அளக்கவில்லை.

கோபத்தைத் தணிக்க வேண்டாம். அதைக் கேள்வியாக மாற்றக் கற்றுக்கொடுங்கள். பச்சைத்தோல் அழுகாமல் இருக்க உப்புப் போட்டுத்தான் வைக்கிறார்கள். ஊறவைத்துக் கழுவும்போது அந்த உப்பெல்லாம் நீரோடு வருகிறது. உப்பு மிகுந்த நீரில் விதையால் நீரை எளிதில் உறிஞ்ச முடியாது, முளைப்பு குறையும். அப்படியானால் நாம் பார்த்தது உப்பின் வேலையாக இருக்கலாம். தோல் பதனிடாத ஊரிலும் உவர்க் கிணறு உண்டு. எப்படிப் பிரித்துப் பார்ப்பது? லேபில் கண்டக்டிவிட்டி மீட்டர் (நீர் மின்சாரத்தைக் கடத்துவதை வைத்து உப்பளவைக் காட்டும் கருவி) இருந்தால் கிணற்று நீரை அளந்து, குழாய் நீரில் சமையல் உப்பைக் கரைத்து அதே அளவுக்குக் கொண்டுவந்து, அதில் மூன்று தட்டு வைத்துப் பார்க்கலாம். உப்பு நீரிலும் அதே அளவு குறைந்தால் உப்பே போதுமான விளக்கம். உப்பு நீரில் குறைவு சிறியதாக இருந்தால் வேறு ஏதோவும் இருக்கிறது. அந்த "வேறு ஏதோ" குரோமியமா என்பது இன்னும் தெரியாது. அதற்குத் தனி அளவீடு வேண்டும், அதிலும் குரோமியத்தின் இரண்டு வடிவங்களில் மூவிணைதிறன் குரோமியமா, அதைவிட நச்சு மிகுந்த அறுவிணைதிறன் குரோமியமா என்று பிரித்துச் சொல்ல வேண்டும். இன்னொன்று: இந்தியத் தர நிர்ணயத்தின் குடிநீர் வரம்பான லிட்டருக்கு 0.05 மில்லிகிராம் குரோமியம் என்பதைப் பிள்ளைகள் இங்கே இழுத்துவருவார்கள். அது மனிதர் குடிப்பதற்கான வரம்பு; விதை முளைப்பதற்கு அளவுகோல் ஆகாது.

விவாதத்துக்கு நான் கொடுக்கிற வரிசை இது: என்ன கண்டோம் என்று ஒரே வாக்கியம். அதற்கு இரண்டு விளக்கமாவது. ஒவ்வொரு விளக்கத்துக்கும் ஆதரவு என்ன, எதிர்ப்பு என்ன. எதைப் பார்த்திருந்தால் நாம் சொன்னது தவறென்று தெரிந்திருக்கும். இந்தக் கடைசிக் கேள்விக்குப் பதில் எழுதிய பிள்ளை வாய்மொழித் தேர்வான வைவாவில் எவர் முன்னாலும் நிற்கும்.

பதினோராம் வாரம்: முன்னுரையும் மேற்கோளும்

தோல் கழிவைப் பற்றிய எங்கள் பகுதிக் கட்டுரைகளில் ஓர் எண் அடிக்கடி வரும்: 35,000 ஹெக்டேர். "தோல் தொழிற்சாலைகளால் 35,000 ஹெக்டேர் விளைநிலம் அழிந்தது" என்று எழுதிவிட்டு, அதற்குச் சான்றாக இன்னொரு ப்ராஜெக்ட்டைக் காட்டுவார்கள். அந்த எண்ணைத் தேடிப் போவதையே ஒரு பயிற்சியாக வையுங்கள். தேடினால் வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில் 1996 ஆகஸ்ட் 28-இல் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்புக்கு வந்து சேர்வீர்கள். மாசுபடுத்தியவரே ஈடுகட்ட வேண்டும் என்ற கோட்பாட்டை நம் நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று சொன்ன தீர்ப்பு அது. அதில் அந்த எண் வருகிற இடத்தைப் பாருங்கள். வேளாண் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆய்வு மையம் செய்த முதல்நிலைக் கணக்கெடுப்பின்படி, ஏறக்குறைய 35,000 ஹெக்டேர், ஓரளவோ முழுவதுமோ சாகுபடிக்கு உதவாததாகிவிட்டது என்று இருக்கும்.

"முதல்நிலை", "ஏறக்குறைய", "ஓரளவோ முழுவதுமோ", அப்புறம் "கணக்கெடுப்பின்படி" என்ற "ஆம்". நான்கும் கைமாறக் கைமாற உதிர்ந்து, கடைசியில் "அழிந்தது" மட்டும் மிஞ்சியிருக்கிறது. பாதிப்பு பெரியது என்பதில் ஐயமில்லை. அதனால்தான் அதை ஒழுங்காகச் சொல்ல வேண்டும். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் ஒரு நிமிஷத்தில் உடைத்துவிடக்கூடிய வாக்கியம் அந்த உழவருக்கு உதவாது. மூலத்தைத் திறந்து படிக்காமல் மேற்கோள் போடக் கூடாது என்ற விதியை இந்த உதாரணத்துக்குப் பிறகு சொன்னால் ஏறும்.

எழுத்துத் திருட்டு பற்றியும் இங்கே பேசுங்கள். பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) 2018-இல் கொண்டுவந்த விதிகளின்படி பிறர் எழுத்தோடு ஒப்புமை 10 சதவீதம் வரை தண்டனை இல்லை. 10-லிருந்து 40 வரை இருந்தால் திருத்தி மீண்டும் கொடுக்க வேண்டும். 60-ஐத் தாண்டினால் பதிவே ரத்தாகும். பிள்ளைகள் இதைச் சொல்லை மாற்றினால் தப்பிக்கலாம் என்று புரிந்துகொள்கிறார்கள். மென்பொருள் சொல்லைத்தான் எண்ணும், கருத்தை யாரிடமிருந்து எடுத்தோம் என்பதை எண்ணாது. சாட்ஜிபிடி போன்றவற்றிடம் முன்னுரை கேட்பவர்களும் உண்டு. அது கொடுக்கும் மேற்கோள்களில் உலகத்தில் இல்லாத கட்டுரைகளும் வரும். ஒவ்வொன்றையும் தேடி எடுத்துத் திறந்து காட்டச் சொல்லுங்கள். நல்ல பழக்கம் இது: படித்த கட்டுரையை மூடி வைத்துவிட்டு, பக்கத்துத் தோழியிடம் தமிழில் சொல்ல வேண்டும், சொன்னதைத்தான் எழுத வேண்டும்.

பன்னிரண்டாம் வாரம்: இப்போது ஆங்கிலம்

இவ்வளவும் தமிழில் நடந்திருக்கும். இனி ஆங்கிலத்துக்கு மாற்றலாம். என்ன சொல்கிறோம் என்பது தெளிவாகிவிட்டதால் மிச்சம் இருப்பவை எண்ணிச் சொல்லக்கூடிய சிக்கல்கள்தான். தமிழில் பயனிலை கடைசியில் நிற்கும். எவ்வளவு நீளமாக அடை போட்டாலும் வாசகர் காத்திருப்பார். அதே பழக்கத்தில் ஆங்கிலம் எழுதினால் எழுவாய் ஒரு கரையிலும் வினை மறு கரையிலும் நிற்கும். இரண்டுக்கும் நடுவில் எட்டுச் சொல்லுக்கு மேல் போனால் வாக்கியத்தை இரண்டாக்கு என்பது என் வகுப்பு விதி.

தமிழில் "ஊற்றினோம்" என்றாலே யார் என்று தெரியும். ஆங்கிலத்தில் எழுவாய் வேண்டும், "வி" என்று தைரியமாக எழுதலாம். 1953-இல் வாட்சனும் கிரிக்கும் டிஎன்ஏ வடிவத்தை அறிவித்த கட்டுரை, நேச்சர் இதழில் ஏறக்குறைய ஒரு பக்கம், "வி" என்ற சொல்லில்தான் தொடங்குகிறது. அடுத்து வரும் வினையும் இந்த வடிவத்தை முன்வைக்க விரும்புகிறோம் என்ற அடக்கமான வினைதான். செய்ததும் கண்டதும் இறந்தகாலத்தில், உலகம் ஏற்றுக்கொண்ட உண்மை நிகழ்காலத்தில். "தி", "எ" பிழைகளை இந்தச் செமஸ்டரில் விட்டுவிடுங்கள். அவற்றைச் சிவப்பு மையால் நிரப்பிக் கொடுத்தால் பிள்ளை தாளை மூடி வைத்துவிடும்.

திருத்துவதில் இதுவே பொது விதி. ஒரு சுற்றுக்கு ஒரே ஒரு குறையை மட்டும் பாருங்கள். நாற்பது தாளில் எல்லாவற்றையும் திருத்த உங்களாலும் முடியாது. செய்முறைச் சுற்றில் அளவுகள், முடிவுச் சுற்றில் மாதிரி எண்ணிக்கை, விவாதச் சுற்றில் "இருக்கலாம்". உரக்க வாசிக்க வைத்தால் பாதிப் பிழையை அவர்களே பிடித்துவிடுவார்கள்.

கடைசியாகச் சுருக்கமும் தலைப்பும்

சுருக்கத்துக்கு ஐந்து வாக்கியம் போதும்: ஏன், என்ன செய்தோம், என்ன கண்டோம், எவ்வளவு, அதற்கு என்ன பொருள். எண் இல்லாத சுருக்கத்தை வாங்காதீர்கள். தலைப்பில் "பற்றிய ஓர் ஆய்வு" என்ற வாலை வெட்டிவிடுங்கள். "பாலாற்றங்கரைக் கிணறு ஒன்றின் நீரிலும் அதே உப்பளவுள்ள நீரிலும் பச்சைப்பயறு முளைப்பு" என்றால் வாசகருக்கு எல்லாம் தெரிந்துவிடும். கிணறு ஒன்றுதான் என்பது உட்பட.

பைண்டிங்குக்குப் போகும் முன் ஒரு வைவா ஒத்திகை வையுங்கள். நோட்டையும் ப்ராஜெக்ட்டையும் மேசையில் வைத்து, ஏதாவது ஒரு வாக்கியத்தில் விரல் வைத்து, "இது நீ பார்த்ததா, படித்ததா, நினைத்ததா?" என்று கேளுங்கள். பார்த்தது என்றால் நோட்டில் தேதியோடு பக்கத்தைக் காட்ட வேண்டும். படித்தது என்றால் கட்டுரையைத் திறந்து காட்ட வேண்டும். நினைத்தது என்றால் வேறு என்ன நினைத்திருக்கலாம் என்று சொல்ல வேண்டும். ஆளுக்குப் பத்து நிமிஷம் ஆகும். அந்தப் பத்து நிமிஷத்துக்குப் பிறகு திருத்த வேண்டியதைத் திருத்திக்கொண்டு ஜெராக்ஸ் கடைக்குப் போகட்டும்.